கத்தரி யார் கையில்?

2019 கோடையிலிருந்து என் தலைமுடியை நானே வெட்டிக்கொள்கிறேன். காதுமடலுக்குச் சற்றுக் கீழே, பிடரியைத் தொட்டும் தொடாமலும் நிற்கும் நீளம். கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் தெருவிலும், கடற்கரை செல்லும் மின்ரயிலின் மகளிர் பெட்டியிலும், சேலையூர்க் காய்கறிக் கடையிலும் இதைக் குறித்து என்னிடம் கேட்கப்படும் கேள்விகள் மூன்றுதான். "வேண்டுதலா?" "உடம்புக்கு ஏதாச்சுமாம்மா?" "கேன்சர் பேஷண்டுக்குக் குடுத்துட்டியா?" நான்காவதாகவும் ஒன்று உண்டு. அதை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. என் நெற்றியையும் கழுத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் பார்வையை விலக்கிக்கொள்வார்கள்.

கேட்பவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. பெரும்பாலும் அக்கறையோடுதான் கேட்கிறார்கள். ஆனால் இந்தக் கேள்விகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படுகிறது. பெண்ணின் முடி வெட்டப்படுவதற்கு நம் சமூகம் ஒருபோதும் எதிராக இருந்ததில்லை. சாமிக்காக, நோய்க்காக, இன்னொரு நோயாளிக்காக, செத்துப்போன கணவனுக்காக அவள் தலை மழிக்கப்படலாம். சில சமயம் அதற்குப் பாராட்டும் உண்டு. அவள் தனக்காக, தன் கையால் வெட்டிக்கொண்டாள் என்று சொன்னால்தான் அடுத்த கேள்வி கேட்கத் தெரியாமல் எல்லோரும் திகைத்து நிற்கிறார்கள். இந்தத் திகைப்பு எங்கிருந்து வருகிறது என்பதே என் அக்கறை.

கூந்தலைப் பற்றித் தமிழில் நடந்த மிகப் புகழ்பெற்ற விவாதத்தை எடுத்துக்கொள்வோம். குறுந்தொகையின் இரண்டாம் பாடலைச் சுற்றிப் பின்னாளில் திருவிளையாடற் புராணம் கட்டிய கதை அது. 1965இல் ஏ.பி. நாகராஜன் எடுத்த 'திருவிளையாடல்' படத்தின் வழியாக அது வீட்டுக்கு வீடு தெரிந்த கதையாகிவிட்டது. பெண்ணின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா என்று பாண்டியனுக்கு ஐயம் வருகிறது. பொற்கிழி அறிவிக்கப்படுகிறது. தருமி பாட்டுடன் வருகிறான். நக்கீரர் குற்றம் கண்டுபிடிக்கிறார். சிவனே நேரில் வந்து நெற்றிக்கண்ணைத் திறக்கிறார். அரசன், புலவன், ஏழை, கடவுள் என்று இவ்வளவு பேர் பேசும் சபையில், யாருடைய கூந்தலால் அரசனுக்கு ஐயம் வந்ததோ அந்த அரசியிடம் ஒருவரும் கேட்கவில்லை. தினமும் அந்தத் தலைக்கு எண்ணெய் வைத்து, சிக்கெடுத்து, புகை காட்டிப் பூ வைத்த பணிப்பெண்ணைக் கூப்பிட்டிருந்தால் வழக்கு அரை நாழிகையில் முடிந்திருக்கும். நெற்றிக்கண்ணுக்கு முன்னாலும் அஞ்சாமல் நின்ற நக்கீரரை அறிவின் துணிச்சலுக்கு எடுத்துக்காட்டாகப் பள்ளியில் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். எனக்கும் அவரைப் பிடிக்கும். ஆனாலும் அந்தச் சபையில் கூந்தல் ஒரு விவாதப் பொருள். அதைச் சுமந்தவள் அந்த விவாதத்தில் ஒரு தரப்பாகவே இல்லை.

நம் இலக்கியத்தில் பெண்ணின் கூந்தல் கோபத்தைப் பேசும் இடங்களும் உண்டு. தலைவிரி கோலமாய்ப் பாண்டியன் அவைக்கு வந்த கண்ணகி இருக்கிறாள். பாரதியின் பாஞ்சாலி, துச்சாதனன் துரியோதனன் இருவரின் குருதி படாமல் கூந்தல் முடிவதில்லை என்று சபதமிடுகிறாள். இவர்களை வீரத்தின் வடிவமாகக் காண்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆயினும் பாஞ்சாலியின் கூந்தலைப் பிடித்து இழுத்தவன் ஓர் ஆண். அது மீண்டும் முடியப்படுவதும் ஆண்கள் நடத்தும் போர் முடிந்த பிறகுதான். புறநானூற்றில் கணவனை இழந்தவள் கூந்தல் களைந்து, வளை நீக்கி, கைம்மை நோற்கிறாள். அவிழ்ந்தாலும் முடிந்தாலும் மழிந்தாலும் அந்தக் கூந்தல் ஓர் ஆணின் நிலைமையைத்தான் ஊருக்கு அறிவித்துக்கொண்டிருக்கிறது.

கைம்பெண்ணின் தலையை மழிக்கும் வழக்கம், குறிப்பாகப் பிராமணக் குடும்பங்களில், இருபதாம் நூற்றாண்டிலும் நீடித்தது. அதை உடைத்தவர்களின் வரலாற்றில் தாம்பரத்துக்கும் ஒரு சிறு பங்கு உண்டு. சகோதரி ஆர்.எஸ். சுப்பலட்சுமி 1886இல் பிறந்தவர். பதினொரு வயதளவில் மணமாகி, விரைவிலேயே கணவனை இழந்தவர். அவர் தலையை மழிப்பதில்லை, படிக்க வைப்பது என்று பெற்றோர் முடிவெடுத்தார்கள். 1911இல் பட்டம் பெற்று, சென்னை மாகாணத்தில் பட்டதாரியான முதல் இந்துப் பெண் என்ற இடத்தை அடைந்தார். இளம் கைம்பெண்களுக்காக அவர் தொடங்கிய விடுதி பின்னர் திருவல்லிக்கேணி ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் இயங்கியது. 1954இல் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒரு சமூக நல மையத்தை மாடம்பாக்கத்தில் நிறுவினார். அன்று அது தாம்பரத்தை ஒட்டிய கிராமம். 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி ஆனபோது அதன் பகுதியாகிவிட்டது. மாடம்பாக்கத்துக்குப் பேருந்தில் போகும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்வேன். கூடவே ஒன்றையும் நினைப்பேன்: மழிக்க வேண்டாம் என்ற அந்த அருமையான முடிவைக்கூட ஒரு சிறுமியின் தலை குறித்துப் பெரியவர்கள்தான் எடுக்க வேண்டியிருந்தது.

கத்தி பிடித்தவர்களின் பக்கத்தையும் மறக்கக் கூடாது. கைம்பெண்ணின் தலையை மழிக்கச் சமூகம் நாவிதரை அனுப்பியது. பாவத்தின் ஒரு பங்கை அவர் தலையில் வைத்துவிட்டுத் தான் கை கழுவிக்கொண்டது. 1890இல் பம்பாயில் நாவிதர்கள் கூடி, இனிக் கைம்பெண்களின் தலையை மழிப்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். மகாத்மா ஜோதிராவ் புலேயின் இயக்கத்தைச் சேர்ந்த நாராயண் மேகாஜி லோகண்டே அதன் பின்னால் இருந்தார். சீர்திருத்தம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது படித்த மேல்சாதி ஆண்களின் பெயர்கள்தான். சாதி அடுக்கில் கீழே வைக்கப்பட்ட உழைப்பாளிகள் தங்கள் கருவியைக் கீழே வைத்ததும் சீர்திருத்தம்தான் என்பதைப் பெண்ணிய வரலாறு இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும்.

தாம்பரத்திலிருந்து மின்ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் செங்கல்பட்டு. 1929 பிப்ரவரியில் சுயமரியாதை இயக்கத்தின் முதல் மாகாண மாநாடு அங்கே நடந்தது. பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்ட மாநாடு. அந்த இயக்கத்தின் தலைவர் பெரியார்தான், பெண்கள் முடியைக் கத்தரித்துக் 'கிராப்' வைத்துக்கொள்ள வேண்டும் என்று சலிக்காமல் சொன்னவர். அவருடைய 'பெண் ஏன் அடிமையானாள்?' 1942இல் நூலாக வந்தது. கூந்தலைப் புனிதத்திலிருந்து இறக்கி, அது தின்னும் நேரத்தையும் உழைப்பையும் கணக்கில் கொண்டுவந்தது பெரிய காரியம். கவிஞர்கள் இருட்டையும் மேகத்தையும் பார்த்த இடத்தில் அவர் வீண்செலவைப் பார்த்தார். எனக்கு அந்தப் பார்வையோடு முழு உடன்பாடு. ஆனால் அவரை மேற்கோள் காட்டும் ஆண் தோழர்கள் பலரது வீட்டில் பெண்களின் பின்னல் இடுப்பைத் தொடுவதைக் கண்டிருக்கிறேன். மேடையில் ஒலிக்கும் ஒரு கருத்து வீட்டுக் கண்ணாடி முன்னால் நடைமுறையாக வேண்டுமானால் கத்தரியை எப்படிப் பிடிப்பது என்று யாராவது சொல்லித்தர வேண்டும். அதை நாம்தான் ஒருவருக்கொருவர் செய்துகொள்ள வேண்டும்.

நான் வெட்டத் தொடங்கியதற்குக் காரணம் கொள்கையைவிடத் தண்ணீர். 2019இல் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டன. தென்புறநகரில் ஆழ்துளைக் கிணறுகள் கைவிட்டன. எங்கள் அடுக்ககத்தில் லாரித் தண்ணீரை வீட்டுக்கு இத்தனை குடம் என்று பங்கு போட்டோம். இடுப்புவரை முடியுள்ளவள் எண்ணெய் வைத்துச் சீயக்காய் போட்டுத் தலைக்குக் குளிக்க எத்தனை வாளி ஆகும் என்பது அந்தக் கோடையில் வீட்டுக்கு வீடு ஓசையில்லாமல் நடந்த சண்டை. கூந்தல் எண்ணெய் விளம்பரத்தில் அருவிபோல் முடி விழும். அந்த அருவிக்கான தண்ணீரைக் குடத்தில் சுமந்தவள் படத்தில் வரமாட்டாள். எங்கள் பகுதி ஆழ்துளைத் தண்ணீர் வேறு உப்பு. அலசிய பிறகும் முடி விறைத்து, சிக்கு விழும். பிடரிவரை வெட்டிய பிறகு ஒரு வாளிக்கும் குறைவான தண்ணீரில் என் தலைக்குளியல் முடிந்தது. பத்து நிமிடத்தில் காய்ந்தது.

நேரக் கணக்கு இன்னும் கடுமையானது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். அப்படி ஈடுபட்ட ஆண்கள் செலவிட்டது 97 நிமிடம். மெப்ஸ் வளாகத்தில் காலை ஷிப்டுக்குப் போகும் பெண், மகளுக்கு இரட்டைச் சடை பின்னி மடித்து ரிப்பன் கட்டிவிட்டுத் தன் தலையைப் பேருந்தில் முடிந்துகொள்கிறாள். அவள் மகளுக்குச் சடை பின்னும் நேரம் அந்த 299 நிமிடத்துக்குள் வரும் வேலைகூட அல்ல. குழந்தைப் பராமரிப்பு என்று தனிக் கணக்கில் போய்விடும்.

2020 மார்ச் 25இல் ஊரடங்கு வந்தது. சலூன்கள் மூடின. ஜூன் 1இல் சென்னையில் அவை திறந்தபோது, வருபவரின் ஆதார் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும் என்று அரசு சொன்னது. ஜூன் 19இலிருந்து சென்னையும் செங்கல்பட்டு உள்ளிட்ட அண்டை மாவட்டங்களின் பகுதிகளும் மறுபடி அடைக்கப்பட்டன. அந்த மாதங்களில் வீட்டில் முடிவெட்டுவது ஒரு குதூகலமான செய்தியாகப் பேசப்பட்டது. மொட்டை மாடியில் நாற்காலி, கணவன் தோளில் துண்டு, மனைவி கையில் ட்ரிம்மர், சுற்றிச் சிரிக்கும் பிள்ளைகள் என்று எத்தனை படங்கள் பார்த்தோம்! அவற்றை நான் வேறு விதமாக வாசிக்கிறேன். மூன்று வேளைச் சமையலோடும் பிள்ளைகளின் கைபேசி வகுப்போடும் நாவிதர் வேலையும் கூலியின்றி அவளிடம் வந்து சேர்ந்தது. கணவனுக்கு வெட்டினாள், மகனுக்கு வெட்டினாள், மாமனாருக்கும் வெட்டினாள். கத்தரி பிடிக்கத் தெரியாது என்று அவளைப் பற்றி இனி யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கத்தரி அவள் தலைப்பக்கம் திரும்பிய படம் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை.

ஆக, கருவியும் திறமையும் வீட்டில் இருக்கின்றன. சொல்லித்தருவதாகச் சொன்னேன் அல்லவா, சொல்லிவிடுகிறேன். முடிக்கென்றே ஒரு கத்தரி வாங்குங்கள். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலும் கிடைக்கும். ஒற்றை முடியை வெட்டிப் பார்த்து, மழுங்காமல் அறுக்கிறதா என்று பார்த்து எடுங்கள். தாளும் துணியும் வெட்டும் கத்தரி முடியை நசுக்கிவிடும், நுனி பிளக்கும். இந்தக் கத்தரியை வேறு எதற்கும் எடுக்கக் கூடாது என்று வீட்டில் சட்டம் போடுங்கள். மழுங்கினால் தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுக்கலாம். ஒரு சீப்பு, நான்கு கிளிப், சுவரில் ஒரு கண்ணாடி, பிடரியைப் பார்க்கக் கையில் ஒரு கண்ணாடி, தரையில் விரிக்கச் செய்தித்தாள். இவ்வளவுதான்.

நனைந்த முடி இழுபட்டு நீளும், காய்ந்ததும் சுருங்கி மேலேறும். ஆகவே ஈரத்தில் வெட்டினால் நினைத்ததைவிட ஒரு விரற்கடை குறைவாக வெட்டுங்கள். சுருட்டை முடிக்காரர்கள் காய்ந்த முடியை, அது சுருண்டு விழும் நிலையிலேயே வெட்டுவது நல்லது. முதல்முறை வெட்டுபவர்கள் பள்ளிக்கு இரட்டைச் சடை போட நெற்றியிலிருந்து பிடரிவரை வகிடு எடுத்தது போல எடுத்து, இரண்டு பக்கத்தையும் தோளுக்கு முன்னால் கொண்டுவந்து ஒரே உயரத்தில் ரப்பர் போடுங்கள். ரப்பருக்குக் கீழே வெட்டுங்கள். பின்னாலிருந்து முன்னால் வந்த முடி நெடுந்தூரம் வந்தது, அதனால் அவிழ்த்ததும் பின்புறம் நீண்டும் ஓரங்கள் குறுகியும் யு வடிவில் நிற்கும். கோடு போட்டாற்போல் தெரிந்தால் கத்தரியின் முனையை மேல்நோக்கிச் செங்குத்தாகப் பிடித்து நுனிகளில் மட்டும் சிறிது சிறிதாகக் கொத்துங்கள். கழுத்தோரம் ட்ரிம்மர் போடுகிறவர்கள் பெரிய எண்ணிலிருந்து தொடங்க வேண்டும். வழக்கமாக 4ஆம் எண் சீப்பு 13 மில்லிமீட்டர் விடும், 2ஆம் எண் 6 மில்லிமீட்டர்தான். கூடுதலாகப் போனாலும் மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்துவிடும். நம்மிடம் திருத்த முடியாதது என்று சொல்லப்பட்ட எத்தனையோ காரியங்களைவிட இது எளிதாகத் திருந்தும்.

இதைச் சொல்லும்போது மூன்று எச்சரிக்கைகள் எனக்கு நானே சொல்லிக்கொள்வது உண்டு. முதலாவது, அழகு நிலையத்தை எதிரியாக்குவது. எங்கள் பகுதியில் வீட்டின் முன்னறையில் ஒற்றை நாற்காலி போட்டு பார்லர் நடத்தும் பெண்கள் பலர். அது அவர்களது வாடகை, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம். ஆண்கள் சலூனில் முடிவெட்ட ஒரே விலை, பார்லரில் நீளத்துக்கு ஒரு விலை, லேயருக்கு ஒரு விலை என்ற பாகுபாட்டைக் கேள்வி கேட்கலாம். உழைக்கும் அந்தப் பெண்ணை அல்ல.

இரண்டாவது, சுயமாக வெட்டிக்கொள்வதை எல்லோருக்கும் விடுதலையாகப் பாடுவது. ஊர்ச் சலூனில் நாற்காலி மறுக்கப்பட்டதால் ஒருவருக்கொருவர் வெட்டிக்கொண்ட தலித் மக்களின் அனுபவம் இதே தமிழ்நாட்டில் இருக்கிறது. அரசமைப்பின் 17ஆம் பிரிவும் 1955ஆம் ஆண்டுச் சட்டமும் அந்த மறுப்பைக் குற்றம் என்று சொன்ன பிறகும் அது தொடர்ந்தது. அவர்கள் வீட்டில் வெட்டிக்கொண்டது தேர்வு அல்ல, தீண்டாமை. அவர்கள் கேட்டது கடைக்குள் நுழையும் உரிமை. வேறொருவர் கைபடாத சுத்தம் என்ற பெயரில் நம் வீட்டுக் கத்தரிக்குள்ளும் சாதி வந்து ஒளிந்துகொள்ளும். கவனமாக இருக்க வேண்டும்.

மூன்றாவது, குட்டை முடிதான் முற்போக்கு என்று அளவுகோல் வைப்பது. திருநங்கை எழுத்தாளர் அ. ரேவதி தன் வரலாறான 'வெள்ளை மொழி'யில், தான் ஆசையாய் வளர்த்த முடியை வீட்டார் வலுக்கட்டாயமாக மழித்ததை எழுதியிருக்கிறார். அவருக்குக் கூந்தல் வளர்ப்பதே போராட்டம், மழிப்பு அவரைத் தண்டிக்கும் ஆயுதம். அந்தப் பக்கங்களைப் படித்த பிறகு நீளத்தை வைத்து யாரையும் எடைபோட எனக்கு மனம் வரவில்லை. கிராப் வைத்த நானும் கூந்தல் வளர்த்த ரேவதியும் கேட்பது ஒன்றையேதான்.

முடிதானத்துக்கும் இதே அளவுகோலைப் பொருத்திப் பார்க்கலாம். கல்லூரிகளில் புற்றுநோயாளிகளுக்காக முடி கொடுக்கும் மாணவிகளின் மனம் பெரியது, அதில் ஐயமில்லை. ஆனால் வீட்டில் குட்டை முடிக்கு அனுமதி வாங்க வேறு வழியில்லாமல் தானத்தைச் சாக்காகச் சொன்ன மாணவிகளையும் எனக்குத் தெரியும். கோயில் மொட்டையும் அப்படித்தான். 2021 செப்டம்பரில் தமிழகக் கோயில்களில் மொட்டைக்கான கட்டணம் நீக்கப்பட்டது, நல்ல முடிவு. திருமலையில் விழும் முடி தரம் பிரித்து ஏலம் போகிறது. நீளமான முடிக்கு அதிக விலை, அதில் பெரும்பங்கு பெண்களுடையது. தெருவில் வருபவர், சீப்பில் கழிந்த முடிக்குப் பாத்திரம் தருவார். தலையில் இருக்கும்வரை குடும்ப மானம், தலையை விட்டு இறங்கியதும் சரக்கு. இடையில் ஒரு நொடியாவது அது அவளுடையதாக இருந்ததா என்பதுதான் கேள்வி.

எனக்குத் தெரிந்து இதற்கு எளிய தொடக்கம் ஒன்று உண்டு. பெண்பிள்ளைகளுக்குப் பத்துப் பன்னிரண்டு வயதில் தையலும் சமையலும் சொல்லித்தருகிறோம். அதே வயதில் ஒரு கத்தரியைக் கையில் கொடுத்து, தன் நுனிமுடியை அரை அங்குலம் தானே வெட்டப் பழக்கலாம். கோணலாக வரட்டும், மறுநாள் ரிப்பனுக்குள் போய்விடும். அவள் பின்னாளில் முழங்காலைத் தொடும் கூந்தல் வளர்க்கலாம், ஒட்ட வெட்டலாம், தானம் கொடுக்கலாம், பழனிக்குப் போகலாம். எதைச் செய்தாலும், இந்தத் தலைக்கு நான் கத்தரி வைத்திருக்கிறேன், எனக்கு அது தெரியும் என்ற நினைவு அவள் கைவிரலில் இருக்கும்.